பொறி தட்டும் இடம்: பழைய எம்.ஜி.பி. காரின் இக்னிஷனைப் புதுப்பித்தல்

(பழைய கார் ஆர்வலர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் பழைய கார்கள் கூடும் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஓர் எம்.ஜி.பி.யையாவது பார்க்காமல் திரும்ப முடியாது. 1962 செப்டம்பரில் அறிமுகமான இந்த ஸ்போர்ட்ஸ் கார், 1980 அக்டோபர் வரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. கூரை போட்ட ஜி.டி. வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். அவற்றில் பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், பழைய அச்சுகளைத் தேடியெடுத்துப் புது பாடி ஷெல்லே செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்த அளவுக்கு உதிரிபாகச் சந்தை விரிந்த வண்டி இது. அதனால்தான் எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களில் பலர் மெக்கானிக்கைத் தேடாமல் தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள்.

அதன் இன்ஜின் நமக்கு அந்நியமானது அல்ல. ஆஸ்டின் வழிவந்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதே குடும்பத்தின் 1,489 சி.சி. இன்ஜின்தான் நம்மூர் அம்பாசடரைப் பல பத்தாண்டுகள் இழுத்தது. எம்.ஜி.பி.க்காக அதை 1,798 சி.சி.யாகப் பெருக்கி, இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரை மாட்டினார்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை இரண்டிலும் 1-3-4-2. எம்.ஜி.பி.யின் மின்பாகங்கள் பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனத்தில் செய்தவை. அதே லூகாஸ், டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1961-இல் தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ்-டி.வி.எஸ். அம்பாசடரில் தொழில் பழகிய ஒரு மெக்கானிக், எம்.ஜி.பி.யின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே தெரிவதெல்லாம் பழகிய முகங்கள்: பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார்.

அந்த மூடிக்குள்ளும் அதைச் சுற்றியும் இருப்பவற்றை மாற்றுவது பற்றியதுதான் இந்தப் பேச்சு.

வழக்கமாக நடப்பது இதுதான். வண்டி மேட்டில் இழுக்கவில்லை, அல்லது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திக்குகிறது. உரிமையாளர் ஒரு டியூன்-அப் கிட் வாங்குகிறார். நான்கு பிளக், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி, பிளக் ஒயர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. விடுமுறை நாளில் உட்கார்ந்து அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றுகிறார். பழையவை குப்பைக்குப் போகின்றன. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது பிடித்து, கொஞ்ச தூரம் ஓடி, சூடேறியதும் நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. காலையில் ஒரு கோளாறு இருந்த வண்டிக்கு மாலையில் இரண்டு. எந்தப் பாகத்தால் வந்த வினை என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பாகமும் கையில் இல்லை.

மாற்றுவது எளிய வேலை. எதை மாற்றவேண்டும் என்று முதலில் அறிவதும், மாற்றியது உருப்படியான பாகம்தானா என்று பிறகு சோதிப்பதும்தான் இதில் பாடுபட வேண்டிய பகுதி. ஒவ்வொன்றாக மாற்று, மாற்றியதும் ஓட்டிப் பார், பழையதை எறியாதே என்பது இந்த வேலையின் அடிப்படை ஒழுங்கு. அதற்கான காரணங்கள் ஒவ்வொரு பாகத்திலும் இருக்கின்றன.

முதலில் இக்னிஷன் அமைப்பு. இதன் மூலவடிவம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் உருவானது. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் டெல்கோ நிறுவனத்தில் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன், 1910 மாடல் கெடிலாக் கார்களில் ஏறியது. அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அந்த வழியிலேயே ஓடின. எம்.ஜி.பி.யும் அப்படித்தான்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் தடித்த சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேம் பாயிண்டைத் திறந்ததும் ஓட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிகிறது. வேகமாக ஓடும் குழாய்த் தண்ணீரைப் பட்டென்று அடைத்தால் குழாயே அதிர்வதுபோல, அந்த அறுப்பில் தடித்த சுற்றிலேயே சில நூறு வோல்ட் எழும்புகிறது. மெல்லிய சுற்றில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகி, மூடியின் நடுவிலுள்ள கார்பன் குச்சி வழியாக ரோட்டாருக்கு இறங்கி, ரோட்டார் அப்போது நோக்கும் சிலிண்டரின் பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. அறுப்பு எவ்வளவு சுத்தமோ பொறி அவ்வளவு வலுவாக இருக்கும். அதைச் சுத்தமாக்குவது கண்டென்சர். அது இல்லாவிட்டால் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியிலேயே தீப்பொறியாகப் பாய்ந்து வீணாகும்.

இது எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 6,000 பொறி. அதாவது நொடிக்கு 100. ஒரு பொறிக்குக் கிடைப்பது நொடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பாயிண்ட் மூடி, காயில் நிரம்பி, பாயிண்ட் திறந்து, பொறி தாவி முடிந்துவிட வேண்டும். சில நூறு ரூபாய்ப் பாகம் ஒன்று இத்தனையையும் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது.

இனி நோய் நாடல். பழைய வண்டி நின்றால் முதற்கேள்வி, பெட்ரோலா கரண்ட்டா என்பதுதான். சுவிட்சை அணைத்தாற்போல இன்ஜின் சட்டென்று நின்றால் பெரும்பாலும் இக்னிஷன். திணறித் திணறி, வலுவிழந்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். டாக்கோமீட்டர் முள்ளும் துப்புச் சொல்லும். எம்.ஜி.பி.யில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த எலெக்ட்ரானிக் டாக்கோமீட்டர் இக்னிஷன் மின்சாரத்தைக் கொண்டே சுற்றுகளை எண்ணுகிறது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், காயிலின் தடித்த சுற்றுப் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. முள் விழாமல் இருந்து இன்ஜின் மட்டும் நின்றால், கோளாறு ரோட்டார், மூடி, பிளக் ஒயர் பக்கம் இருக்கலாம், பெட்ரோலாகவும் இருக்கலாம்.

எஸ்.யூ. கார்பரேட்டருக்குக் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் பாதி இக்னிஷன் கோளாறு என்று பட்டறைகளில் கேலியாகச் சொல்வார்கள். கேலி என்றாலும் அதில் ஓர் ஒழுங்கு பொதிந்திருக்கிறது. வால்வு இடைவெளி முதலில், பிளக் அடுத்து, பாயிண்ட் அதற்கடுத்து, பொறி விழும் நேரமாகிய டைமிங் பிறகு, கார்பரேட்டர் கடைசி. பாயிண்ட் கேப்பை மாற்றினால் டைமிங் நகரும். டைமிங் நகர்ந்தால் கார்பரேட்டரில் வைத்த ஐடிலிங் நகரும். பின்னாலிருந்து தொடங்குபவர் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்.

பிளக்கில் அதிகம் பேச ஒன்றுமில்லை. எம்.ஜி.பி.க்குப் புத்தகம் சொன்னது சாம்பியன் என்9ஒய். இன்று பலர் என்.ஜி.கே. பிபி6இஎஸ் போடுகிறார்கள். கேப் 0.025 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.64 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் பிளக்கின் கேப் சரியாக இருக்கும் என்று நம்பாமல் நான்கையும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தவை என்ற வரிசையிலேயே அடுக்கி வைத்தால், அவையே இன்ஜினின் நாடியைச் சொல்லும். நான்கும் இளம் பழுப்பாக இருந்தால் நலம். நான்கும் கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறி பலவீனம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரையும் அதற்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

ஒயர்களை மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவது உத்தமம். நான்கையும் பிடுங்கிவிட்டால் வரிசை குழம்பும். குழம்பிவிட்டால் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு: எரியும் வரிசை 1-3-4-2, மேலிருந்து பார்க்கையில் ரோட்டார் சுற்றுவது இடஞ்சுழி. தொடக்ககால மூடிகளில் ஒயர்கள் பக்கவாட்டில் நுழையும். உள்ளிருந்து முறுக்கும் ஊசிமுனைத் திருகு ஒன்று ஒயரின் உறையைக் குத்தி உள்கம்பியைத் தொடும். அந்தத் திருகு செம்புக்கம்பி ஒயருக்காக ஏற்பட்டது. ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் கார்பன் இழை ஒயரை அதில் செருகினால் முனை இழையைத் தொடாமல் விலகிப் போகலாம். புது ஒயர் போட்டதும் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அது.

மூடியை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் அங்கே குறுக்குப்பாதை போட்டுவிட்டது என்று பொருள். துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நடுவிலிருக்கும் கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் எழும்பித் தாழ்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மழைக்காலக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிக்கு, மூடியின் உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைப்பதே சில வேளை முழு வைத்தியம்.

ரோட்டாருக்கு வருவோம். இந்தப் பேச்சில் இதற்கே அதிக நேரம், ஏனென்றால் புதுப் பாகம் பழையதைவிட மோசமாக இருக்கலாம் என்பதற்கு இதைப்போல் சாட்சி வேறில்லை. பார்த்தால் விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக், மேலே பித்தளைத் தகடு. தகடு தொடுவது பல்லாயிரம் வோல்ட்டை. அடியில் இருப்பதோ எர்த் ஆகியிருக்கும் இரும்புத் தண்டு. இரண்டுக்கும் நடுவே காப்பாக இருப்பது சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மட்டுமே. தொடக்ககால எம்.ஜி.பி.யிலுள்ள லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்காகப் பின்னாளில் வந்த மலிவு ரோட்டார்களில் தகட்டை ஒரு ரிவெட்டால் பிணைத்திருப்பார்கள். ரிவெட்டின் வால் பிளாஸ்டிக்குக்குள் இறங்கித் தண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிச்சமிருக்கும் மெல்லிய சுவரை ஒருநாள் மின்சாரம் துளைக்கும். துளை ஊசிமுனை அளவுகூட இருக்காது. ஆனால் அதன்பின் பொறி பிளக்குக்குப் போகாது. பக்கத்திலேயே எர்த் கிடைக்கும்போது அவ்வளவு தூரம் அது ஏன் போக வேண்டும்?

கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. பட்டறைச் சோதனை ஒன்று இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு ரோட்டாரை அதன் இடத்திலேயே விடுங்கள். காயிலிலிருந்து வரும் நடு ஒயரின் முனையை, காப்பிட்ட பிளையரால் பிடித்து, ரோட்டாரின் நடுத்தகட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். இக்னிஷனைப் போட்டு, காப்பிட்ட பிடியுள்ள ஸ்குரூடிரைவரால் பாயிண்டைத் திறந்து மூடுங்கள். நல்ல ரோட்டாருக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே பொறி தொடர்ந்து தாவாது. ஒவ்வொரு முறையும் படபடவென்று தடித்த பொறி விழுந்தால், மின்சாரம் ரோட்டாரைத் துளைத்துத் தண்டில் இறங்குகிறது. பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த ரோட்டாராக இருந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தக் கோளாறு பரவிய பிறகு ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டார்கள் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. விலை கூடுதல் என்றாலும் எம்.ஜி.பி. உரிமையாளர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

அடுத்தது பாயிண்ட். 25டி4-இல் கேப் 0.014 முதல் 0.016 அங்குலம், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமின் முகடு பாயிண்டின் குதியை முழுதாகத் தூக்கி நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். வண்டியை நான்காம் கியரில் போட்டுக் கையால் மெல்ல முன்னுக்குத் தள்ளினால் கேம் அந்த இடத்துக்கு வந்து நிற்கும். ஃபீலர் கேஜின் தகடு பாயிண்டை விலக்காமல், லேசான உரசலோடு நழுவ வேண்டும். தகட்டில் எண்ணெய் இருந்தால் அது பாயிண்டில் ஒட்டிக் கருகும். ஆகவே துடைத்துவிட்டுச் செருக வேண்டும். ஓடிய பாயிண்டில் ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் பள்ளமும் விழுந்திருக்கும். அந்த மேட்டின்மேல் தகடு உட்கார்ந்தால் காட்டும் அளவு பொய். அப்போது டுவெல்லை, அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை, காட்டும் டுவெல் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். 25டி4-க்கு 60 டிகிரி, மூன்று டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். 1974-க்குப் பின் வந்த 45டி4-க்கு 51 டிகிரி.

மாட்டும்போது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய வகைப் பாயிண்டில் ஸ்பிரிங் ஒரு சிறு தூணைச் சுற்றி உட்காரும். கண்டென்சரின் ஒயர், வெளியிலிருந்து வரும் ஒயர் ஆகிய இரண்டின் வளையங்களும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடக்கூடாது. தூண் எர்த். நடுவே இருந்து பிரிப்பது தொப்பி வடிவப் பிளாஸ்டிக் புஷ். வளையத்தை அந்தப் புஷ்ஷுக்கு வெளியே மாட்டுவதற்குப் பதிலாக நட்டுக்கும் தூணுக்கும் இடையில் வைத்து முடுக்கிவிட்டால், பாயிண்ட் திறந்தாலும் மின்சாரம் எர்த்துக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். அறுப்பு இல்லை, பொறியும் இல்லை. பாயிண்ட் மாற்றியதும் அறவே ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

புதுப் பாயிண்டின் குதி கேமில் தேய்ந்து பொருந்தும்வரை கேப் குறைந்துகொண்டே வரும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்கும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோவதற்கு இதுவே பல நேரம் காரணம். கேமில் அரிசிமணி அளவு கிரீஸ் தடவினால் தேய்மானம் மெதுவாகும். அதற்கு மேல் தடவினால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டும். ரோட்டாரைக் கழற்றினால் தண்டின் உச்சியில் ஒரு திருகு தெரியும். அதைக் கழற்றாமல், மேலேயே இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டால் போதும். திருகைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடும்.

கண்டென்சரை வெளியிலிருந்து பார்த்து எடைபோட முடியாது. குளிர்ந்த இன்ஜினில் ஒழுங்காக வேலை செய்யும். சூடேறியதும் உள்ளிணைப்பு விட்டுப்போகும். அறிகுறி இரண்டு: மூடியைக் கழற்றி இன்ஜினைச் சுற்றும்போது பாயிண்டில் நீலப்பொறி பளிச்சிடும், பாயிண்ட் முகம் சீக்கிரமே கருகும். புதிதாக வாங்கிய கண்டென்சர் சொற்ப தூரத்திலேயே கைவிட்டது என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய கார் வைத்திருப்போர் ஓயாமல் சொல்லும் குறை. பல ஆண்டுகள் உழைத்த பழைய கண்டென்சரைப் பாயிண்டோடு சேர்த்துச் சடங்குபோல் மாற்ற வேண்டியதில்லை. நன்றாக இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். புதியது டிக்கியில் இருக்கட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்னொரு சிறு ஒயர் இருக்கிறது. கிட்டில் அது வராது. ஆகவே யார் கண்ணிலும் படாது. வெளியிணைப்பிலிருந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய, வளையும் ஒயர் அது. இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை முன்னகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸ் இயங்கும்போதெல்லாம் பாயிண்ட் தட்டு சற்றே திரும்பும். ஒயரும் கூடவே வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து மேலுறை அப்படியே இருக்க உள்கம்பி அறுந்துவிடும். நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் விலகும். வேகமெடுக்கும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும் வண்டியில் இந்த ஒயரின் இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டால் உள்ளே கம்பி இல்லை. அந்த இடத்தில் சாதாரணத் தடி ஒயரைப் போட்டால் அது வளைய மறுத்து மறுபடி அறும். பல நுண்ணிழைகள் கொண்ட ஒயர்தான் தாங்கும்.

காயிலில் கவனிக்க வேண்டியது கணக்கு. தொடக்ககால எம்.ஜி.பி.யின் காயிலில் தடித்த சுற்றின் மின்தடை 3 ஓமுக்குச் சற்று மேல். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடும். 1974 இறுதியில் கறுப்பு ரப்பர் பம்பரோடு வந்த வண்டிகளில் ஏற்பாடு வேறு. காயில் 1.5 ஓம் அளவு; மிச்சத் தடை ஒயரிங்கிலேயே ஒரு தடைக்கம்பியாக ஒளிந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் அந்தக் கம்பியைத் தாண்டி முழு வோல்ட்டேஜ் காயிலுக்குப் போகும். குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகச் செய்த வசதி இது. இப்போது இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 1.5 ஓம் காயிலைப் பழைய வண்டியில் மாட்டினால் 8 ஆம்பியர் பாயும். காயில் கையில் தொட முடியாதபடி சூடாகும், பாயிண்ட் கருகும். 3 ஓம் காயிலைப் பிந்திய வண்டியில் மாட்டினால் பொறி சோனியாக விழும். காயில் வாங்குமுன் மல்டிமீட்டரால் பழையதன் தடையையும், இக்னிஷன் போட்டுப் பாயிண்ட் மூடிய நிலையில் காயிலுக்கு வரும் வோல்ட்டேஜையும் அளந்துவிட்டால் எந்த வகை வண்டி என்று தெரிந்துவிடும். லூகாஸ் நிறக்கணக்கில், தடைக்கம்பி இல்லாத வண்டியில் காயிலுக்கு வருவது வெள்ளை ஒயர். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு.

1967-க்கு முந்திய எம்.ஜி.பி.க்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த். பிற்பாடு பல வண்டிகளை யாரோ நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருப்பார்கள். காயிலின் இணைப்பை மட்டும் மாற்ற மறந்திருப்பார்கள். வண்டி ஓடும். ஆனால் பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து பொறி கிளம்புவதற்குப் பதில் குளிர்ந்த பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும்; அதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவை. குறையாக ஒன்றும் தெரியாது, என்றாலும் குளிர்காலைகளில் வண்டி முரண்டு பிடிக்கும். காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும், செலவே இல்லை.

இத்தனையும் செய்தும் பயனில்லாத வண்டிகள் உண்டு. அங்கே தேய்ந்திருப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. கேப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் அளவாக மாறும். எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் டைமிங் நிலைக்காது. வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் உள்ளே தட்டு திரும்பி அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் ஓட்டை. தட்டுக்குக் கீழே வேகத்துக்கேற்ப விரியும் எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. டைமிங் எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதை அவைதான் முடிவுசெய்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்த ஐந்து இலக்க எண் எந்த இன்ஜினுக்கு எந்தக் கணக்கு என்று சொல்லும். வேறு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் வெளித்தோற்றத்தில் அச்சாக ஒன்றாயிருந்தாலும் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் வேறாக இருக்கும்.

டைமிங் வைப்பதற்கு மின்சாரம் நிற்கும் கணத்தைக் காட்டும் ஒரு சிறு பல்பே போதும். தொடக்ககால எம்.ஜி.பி.க்கு நின்ற நிலையில், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 10 டிகிரி முன்னதாக என்று கையேடு சொல்கிறது. டைமிங் லைட் வைத்திருப்பவர்கள், வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, 600 சுற்றில் 14 டிகிரி பார்க்கலாம். முதற்கால வண்டிகளில் குறிமுள் கப்பிக்கு அடியில் இருப்பதால் குனிந்து, படுத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு அதை மேலே கொண்டுவந்தார்கள். 25டி4-இன் பக்கத்தில் சொரசொரப்பான சிறு நட்டு ஒன்று இருக்கும். அதை விரலால் திருப்பினால் டைமிங் இம்மி இம்மியாக நகரும். கையேட்டின் எண்கள் ஈயம் கலந்த அக்காலப் பெட்ரோலுக்கானவை. பிரிட்டனில் அது 2000 தொடக்கத்தோடு பொதுவிற்பனையிலிருந்து நீங்கிற்று; 2021-இலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். ஆகவே எண்ணை வைத்துவிட்டு, மேட்டில் நான்காம் கியரில் மிதித்துக் கேட்க வேண்டும். சலங்கை குலுங்குவதுபோல் இன்ஜினில் சத்தம் வந்தால் டைமிங்கை ஒரு டிகிரி பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

பாயிண்டையே ஒழித்துக்கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வட அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.யில் லூகாஸே 1975-இல் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரை அடைத்ததால் இன்ஜின் சூட்டில் அது வதங்கிற்று. இன்று கிடைப்பவை எவ்வளவோ தேறியவை. பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் ஒரு காந்த வளையத்தையும் ஹால் சென்சரையும் கொண்டது. லூமினிஷன் ஒளிக்கதிரை வெட்டி இயங்குவது. இரண்டின் சென்சரும் பழைய மூடிக்குள் அடங்கிவிடும். கேப் வைக்கும் வேலை அறவே போகும். பாயிண்ட் குதி தேய்ந்து டைமிங் நகர்வதும் போகும்.

ஆனால் விலையாகச் சில நிபந்தனைகள் உண்டு. எர்த் எந்த முனை என்பதற்கேற்ற வகையை வாங்க வேண்டும். காயிலின் தடை அதன் குறிப்புக்குப் பொருந்த வேண்டும். செம்புக்கம்பி ஒயரை நீக்கி இரைச்சல் தடுப்பு ஒயர் போட வேண்டும். இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை நெடுநேரம் போட்டு வைத்தால் சில மாடல்கள் கருகிவிடும். மின்னோட்டத்தை எண்ணும் பழைய டாக்கோமீட்டர் தாறுமாறாகக் காட்டலாம். தண்டு தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரை எலெக்ட்ரானிக் மாட்யூல் குணப்படுத்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாயிண்ட் கோளாறு முன்னறிவிப்போடு வரும். ஒரு ஸ்குரூடிரைவரும் சிகரெட் அட்டையும் கொண்டு ஒருவர் வீடு வந்து சேர்ந்துவிடுவார். மாட்யூல் போனால் போனதுதான். அதனால் மாட்யூல் போட்டவர்களும், கேப் வைத்துத் தயாராக்கிய பாயிண்ட் தட்டு ஒன்றைக் கண்டென்சரோடு துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருப்பது வழக்கம்.

லூகாஸ் நிறுவனத்தை ஆங்கிலேயர்கள் இருட்டின் இளவரசன் என்று நையாண்டி செய்வார்கள். விளக்கும் வைப்பரும் செய்த குறும்புகளுக்கு அந்தப் பட்டம் பொருந்தலாம். 25டி4 விஷயத்தில் அது அநியாயம். சீராக எண்ணெய் விட்டு வந்த 25டி4-கள் அரை நூற்றாண்டைத் தாண்டியும் இன்றும் சுற்றுகின்றன. அவற்றை வீட்டுக்கு இழுத்துவரச் செய்பவை பெரும்பாலும் அவற்றில் பிற்பாடு மாட்டிய மலிவுப் பிரதிகள்.

இந்த மேசையில் நான்கு ரோட்டார்கள், பிரித்த 25டி4 ஒன்று, ஒரு காயில், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு ரோட்டார்களில் இரண்டு துளைபட்டவை. எவை என்று எழுதி வைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் வந்து, மேலே சொன்ன சோதனையைச் செய்து அவற்றைப் பிரித்தெடுக்கட்டும். பிளையரின் காப்புறை கிழியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும். அதன்பின் கேள்விகளைத் தொடங்கலாம்.